குளிரில் எழும்பாத கொம்பியூட்டர்

கந்தப்பளை,
பெப்ரவரி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி பரவாயில்லை. மாப்பிள்ளையும் சின்னவனும் நலமென்று நம்புகிறேன்.

போனில் கொம்பியூட்டர் எழும்பாத கதையை எடுத்தாலே, "அதைத் தூக்கி வீசுங்கப்பா, நான் ஒரு லெப்டொப் அனுப்புறேன்" என்று நீ முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொம்பியூட்டர் ஓடுகிறது. தாத்தாவின் பிரஜாவுரிமைப் பேப்பர்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. நீ கேட்ட பக்கங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். லெப்டொப் வேண்டாம்.

இனி நடந்ததைக் கேள். டிசம்பர் கடைசியில் குளிர் இறங்கிய பிறகுதான் இது ஆரம்பித்தது. காலையில் பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் ஒரு துடி துடிக்கும், உடனே நின்றுவிடும். திரும்ப அழுத்தினால் அதுவும் இல்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் வந்து அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல எழும்பிவிடும். "அதுக்கும் குளிருது போல" என்று சொல்லி அம்மா ராத்திரியில் அதன்மேல் கம்பளியைப் போட்டுப் போர்த்தினாள். காற்றுப் போகும் ஓட்டையை அடைக்காதே என்று நான் எடுத்தேன். பிறகு அடுப்படிக்குக் கொண்டுபோய் வைப்போமா என்றாள். அது இன்னும் மோசம். குளிர்ந்து கிடக்கும் இரும்பை, சோற்றுப்பானை ஆவி பறக்கும் இடத்தில் வைத்தால் உள்ளேயெல்லாம் தண்ணீர் பூத்துவிடும். அதையும் தடுத்தேன். ஆனால் குளிருகிறது என்று அவள் சொன்னது சரி. அதைக் கடைக்காரனும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

டவுனில் ஒரு கடைக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது நல்ல வெயில். அந்தப் பையன் பட்டனை அழுத்தினான், உடனே எழும்பியது. "ஒண்ணும் இல்லையே அங்கிள்" என்று தூசியை ஊதி, அதற்கு ஒரு காசும் வாங்கிக்கொண்டு தந்தான். அடுத்த நாள் விடிய பழைய கதைதான். மறுபடி போனபோது அங்கே பெரியவர் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மதர்போர்ட் போயிட்டுது, இதுக்கு இப்ப சாமான் இல்லை, புதுசு எடுங்க" என்றார். பெட்டியைத் திறக்கவில்லை. வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. தேயிலை ஃபக்டரி ஸ்டோரில் இத்தனை வருசம் எலக்ட்ரீஷியனாக இருந்தவனிடம் வந்து, அளந்து பார்க்காமல் போய்விட்டது என்றால் நான் எப்படி ஏற்பேன்? காலையில் ஓடாமல் பத்து மணிக்கு ஓடுகிற சாமானில் போர்ட் போயிருக்காது. போனது போனதுதான், வெயில் பட்டுத் திரும்பி வராது.

வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த பழைய தெர்மாமீட்டரை மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினேன். விடியற்காலையில் 8 பாகை, எழும்பவில்லை. மதியம் 20 பாகை, எழும்பியது. நாள் முழுக்கப் பனிமூட்டமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கும் எழும்பவில்லை. அப்புறம் இன்னொன்றைக் கவனித்தேன். ராத்திரி முழுக்கச் சுவர் சுவிட்சை அணைத்து வைத்தால்தான் இந்தக் கரைச்சல். காலையில் சுவிட்சைப் போட்டு, பட்டனைத் தொடாமல் ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு வந்தால், குளிர் அப்படியே இருந்தாலும் எழும்பிவிடும். அப்படியென்றால் உள்ளே ஏதோ ஒன்று கரண்ட் பட்டுச் சூடேறிய பிறகுதான் வேலை செய்கிறது. சுவிட்சைப் போட்டு கரண்ட் வந்தவுடனே, பட்டனை அழுத்தாமலே விழித்திருக்கும் பகுதி பவர் சப்ளையில்தான் இருக்கிறது. என் சந்தேகம் அங்கே போனது.

இருந்தாலும் சுவரில் இருந்துதான் தொடங்கினேன். சந்தேகத்தை நம்பி நடுவில் கை வைத்தால் வேலை இரட்டிக்கும் என்பது ஸ்டோரில் அடிபட்டுப் படித்தது. ப்ளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பார்த்தேன், நல்லது. மொனிட்டரின் வயரும் கொம்பியூட்டரின் வயரும் ஒரே மாதிரி என்பதால் மாற்றிக் குத்தினேன், வித்தியாசம் இல்லை. முன் பட்டன் தேய்ந்திருக்குமோ என்று, போர்ட்டில் அந்த பட்டனின் வயர் வந்து சேரும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். அதே துடிப்பு, அதே நிற்பு. பட்டன் குற்றவாளி இல்லை.

பிறகு ஹார்ட் டிஸ்க், டிவிடி, எல்லாவற்றின் வயரையும் கழற்றிவிட்டேன். ரேம் துண்டை எடுத்து, அதன் மஞ்சள் பற்களை உன் பழைய பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். கறுப்பு கறுப்பாக வந்தது. நம் ஊர் ஈரத்துக்கு இதை வருசம் ஒரு முறை செய்ய வேண்டும் போல. இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது, மாப்பிள்ளைக்கும் சொல்: சூடேறி எழும்பும் நேரத்தில், ரேமையே போடாமல் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். போர்ட்டும் பிராசசரும் உயிரோடு இருந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் நீளமாகக் கத்தும், ரேம் இல்லை என்று முறையிடும். நம்முடையது கத்தியது. அடுப்படியில் இருந்து அம்மா, "என்ன உடைச்சிட்டீங்க?" என்று ஓடி வந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். போர்ட் போய்விட்டது என்று சொன்ன பெரியவரை அந்த நேரம் கூட்டிக்கொண்டு வந்து கேட்க வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது மீட்டர். பவர் சப்ளையில் இருந்து போர்ட்டுக்குப் போகும் அந்தப் பெரிய 24 பின் சொக்கெட்டில் நிறத்துக்கு ஒரு வேலை. மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3. இவை பட்டனை அழுத்திய பிறகு வருபவை. ஊதா வயர் மட்டும் சுவர் சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதைக் கேட்டு மற்றதையெல்லாம் எழுப்புவது அந்த 5 வோல்ட்தான். நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம், அதாவது 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது. விடிய ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டு ஊதாவில் குத்தினேன். 4.1. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். 4.2, 4.4 என்று மெல்ல மெல்ல ஏறியது. 4.8க்கு வந்ததும் பட்டனை அழுத்தினேன். எழும்பியது. போர்ட்டில் பச்சை லைட் ஆரம்பத்தில் இருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தது, அந்த லைட்டை நம்பி யாரும் கரண்ட் சரி என்று சொல்லிவிடக் கூடாது.

காரணம் கப்பாசிட்டர், கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் சாமான். நம் தண்ணீர் மோட்டர் ஒருமுறை உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றதே, அதே சாமானின் சின்னத் தம்பி. உள்ளே ஒரு திரவம் இருக்கும். வருசம் போகப் போக அது வற்றும். வற்றியது குளிரில் இன்னும் மந்தமாகும், சூடு பட்டால் கொஞ்சம் தேறும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போது போய்ப் போய் வந்த கரண்டில் இது நன்றாக அடி வாங்கியிருக்கும் என்பது என் எண்ணம். டோர்ச் அடித்து ஃபேன் ஓட்டை வழியாகப் பார்த்தேன். இரண்டு கப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் உப்பி, ஒன்றின் மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. மதர்போர்ட்டில் இருக்கும் கப்பாசிட்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் தட்டைத் தலை.

பவர் சப்ளைப் பெட்டியை நான் திறக்கவில்லை, பயப்படாதே. 230 வோல்ட்டை உள்ளே நேர்மின்னோட்டமாக மாற்றி 325 வோல்ட் அளவில் பெரிய கப்பாசிட்டரில் சேர்த்து வைத்திருக்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். முப்பது வருசம் கரண்டோடு இருந்தவன் நான், எனக்கே அதைத் தொட ஆசை இல்லை. மாப்பிள்ளை யூடியூப் பார்த்துத் திறக்கப் போகிறேன் என்றால் நீ விடாதே. நுவரெலியாவில் வேறொரு கடையில் புதுப் பவர் சப்ளை எடுத்தேன். நான்கு ஸ்க்ரூ, ஏழெட்டு வயர், அவ்வளவுதான் வேலை.

அடுத்த நாள் விடிய 7 பாகை. பட்டனை அழுத்தினேன், முதல் அழுத்திலேயே எழும்பியது. ஆனால் திரையில் செக்சம் எரர் என்று எழுதி, எஃப் 1 அழுத்து என்று நின்றது. திகதி பத்துப் பதினைந்து வருசம் பின்னால் போயிருந்தது. இது சின்ன விசயம். போர்ட்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக சிஆர் 2032 என்ற பெட்டரி இருக்கும், 3 வோல்ட். அதுதான் கரண்ட் இல்லாத நேரத்தில் திகதியையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது. அளந்தால் 2 வோல்ட்கூட இல்லை. டவுனில் மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைத்தது. மாற்றித் திகதியைச் சரி செய்தேன். அப்புறம் டிஸ்க் பூட் ஃபெயிலியர் என்றது. அம்மா கொஞ்சம் கலங்கிவிட்டாள். பார்த்தால் பின்னால் ஒரு பென் டிரைவ் குத்தியபடியே இருக்கிறது. செட்டிங் எல்லாம் அழிந்ததால் முதலில் அதைத் தேடிப் போயிருக்கிறது. பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை முதலாவதாக மாற்றினேன். விண்டோஸ் வந்தது. உன் பழைய பள்ளிக்கூடப் படம் பின்னணியில் வந்து நின்றது.

உங்கள் தோஹாவில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டில் தானாக அணைந்தால், பிராசசர் மேலே இருக்கும் ஃபேனில் மண்தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, தாத்தாவின் பேப்பருக்கு வருகிறேன். நான் இவ்வளவு மினக்கெட்டது அதற்காகத்தான். மூலப் பேப்பர்கள் ட்ரங்க் பெட்டியில் ஈரம் ஏறி, மடிப்பு மடிப்பாகப் பிய்ந்துவிட்டன, பிரஜாவுரிமைச் சான்றிதழில் பெயர் மட்டும்தான் இப்போது தெரிகிறது. நீ ஏ.எல். பரீட்சை முடித்து வீட்டில் இருந்த வருசம் ஸ்கேன் பண்ணி வைத்ததுதான் முழுசாக இருப்பது. பெரிய தாத்தா வழிக் கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு அனுப்பும்போது இதையும் சொல்: 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த நம் இந்திய வம்சாவளிச் சனத்தை இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பெரிய தாத்தா இந்தியக் கணக்கில் எழுதிக் கொடுத்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தமிழ்நாட்டு அரசின் டேன்டீ தோட்டத்தில் போய் மறுபடி தேயிலைதான் நட்டார். நம் தாத்தா இலங்கைக் கணக்கு. நான்காவது பக்கத்தில் இருவர் பெயரும் ஒரே தாளில் இருக்கிறது, அவர்கள் தேடுவது அதுதான் என்று நினைக்கிறேன். பெரிய தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், கிளாக்கர் எழுதினது. அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு.

எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் நீ வரும்போது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தால் போதும். இங்கே விலை கூட. அந்த மாதம் இடிமுழக்கமும் தொடங்கும், இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கரண்ட் ப்ளக்கையும் ரௌட்டர் வயரையும் இரண்டையும் பிடுங்கிவிடச் சொல்லி அம்மாவைப் பழக்கியிருக்கிறேன்.

இன்னொரு விசயம். இதில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரி 14உடன் மைக்ரோசொஃப்ட் கை கழுவிவிட்டது. அதனால் பேங்க் வேலை எதையும் நான் இதில் செய்வதில்லை. பக்கத்து லயன் காம்பராப் பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்கிறான், கெட்டிக்காரன். ஆனால் டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுத்தான் போடுவானாம். உன் பெயரில் ஒரு ஃபோல்டர் பாஸ்வேர்ட் போட்டுக் கிடக்கிறது, 4 ஜிபிக்கு மேல். அதில் என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. வேண்டுமா, அழிக்கலாமா என்பதை மட்டும் வருகிற பௌர்ணமிப் போயாவுக்கு முன் சொல். அன்றுதான் அவனுக்கு லீவு.

அன்புடன்,
அப்பா