நெருப்புக்கு நிழல் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு சிறுவர் இணைப்பில் வந்த கேள்வி-பதிலில் இரண்டு பதில்கள் சரியில்லை. பதில் எழுதியவர் ஒவ்வொன்றையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு இரண்டு பக்கம் ஆகிறது. வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும்; வெட்டுவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நெருப்புக்கு நிழல் உண்டா?" என்று கேட்டிருந்தாள். நெருப்பே ஒளி தருவதால் நிழல் விழாது என்பது பதில். படித்ததும் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் வெள்ளையடித்த பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி மெழுகுவத்தி ஏற்றினேன். காலை 10 மணி, நல்ல வெயில். கடல்காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாம் தடவை என் மனைவி முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "அறுபது வயசுக்கு மேல வேற வேலை இல்லையா?" என்றாள். சுவரில் மெழுகின் நிழல், அதன்மேல் திரியின் நிழல், அதையும் சுற்றிச் சுடரின் நிழல்! மங்கல்தான், ஆனால் சுடரின் வடிவம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே சூடான காற்று சுவரில் ஓடைத் தண்ணீர் மாதிரி நெளிந்தது. சுடரில் எந்த இடம் பளிச்சென்று மஞ்சளாக எரிகிறதோ, அந்த இடத்தின் நிழல்தான் அதிகக் கறுப்பு. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் பிள்ளைகளுக்கு மெழுகுவத்தியை வைத்தே ஆறு சொற்பொழிவு ஆற்றினார். முதல் நாளே இதைத்தான் காட்டினார்.

காரணத்துக்கு எங்கும் போக வேண்டாம். விளக்குச் சுடர்மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மை எடுக்கிறார்களே, அந்தக் கரிதான். சுடருக்குள் இருக்கும்வரை அது சூட்டில் மஞ்சளாக ஒளிர்கிறது. வெயிலோ அதைவிடப் பல மடங்கு பிரகாசம்; அதன் முன்னால் அந்தத் துகள் வெறும் தூசி, வெளிச்சத்தை மறைக்கத்தான் செய்யும். காஸ் அடுப்பில் முன்கூட்டியே காற்று கலந்துவிடுவதால் கரி தங்குவதில்லை. சுடர் நீலமாகிறது, பாத்திரமும் கறுப்பதில்லை.

நான் புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் 31 ஆண்டுகள் புத்தகம் அடுக்கி ஓய்வு பெற்றவன். ஆனால் நெருப்பைக் கற்றது கடலூர் முதுநகரில், அப்பாவின் கொல்லுப்பட்டறையில். துருத்தி என் பொறுப்பு. விறகு சூடேறும்போது விடுகிற வாயுதான் சுடராக எரிகிறது. விறகைக் கரி ஆக்கும்போதே அந்த வாயு போய்விடுவதால், கரி போடும் உலையில் தணல்தான் கனலும். துருத்தியை அமுக்கினால் தணலுக்கு மேல் குட்டிக் குட்டி நீலச் சுடர்கள் ஆடும்; அது கார்பன் மோனாக்சைடு எரிவது என்று பின்னால் படித்தேன். மத்தியானம் ஆனால் அப்பா வாசலில் சாக்கைத் தொங்கவிடுவார். வெயில் உள்ளே அடித்தால் 500 டிகிரி இரும்புகூடப் சூடேறாத இரும்பு மாதிரி கறுப்பாகத் தெரியும். ஒருநாள் சாக்கு போட மறந்து, கீழே கிடந்த துண்டை நான் எடுத்துவிட்டேன். வலது கட்டைவிரலில் இன்னும் ரேகை இல்லை. ஆதார் எடுக்கும்போது அந்தப் பெண் மூன்று முறை துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பட்டறைப் பேச்சை எடுத்தது இரண்டாவது பதிலுக்காகவும்தான். "ஜிப்சிகள் எகிப்து நாட்டு நாடோடிகள்" என்று போட்டிருந்தீர்கள். அது ஐரோப்பியர் அவர்களை எகிப்தியர் என்று தப்பாக நினைத்து வைத்த பெயர். அவர்கள் தங்களை ரோமா என்கிறார்கள்; பலருக்கு ஜிப்சி என்றால் வசவு. அவர்கள் பேசும் ரோமானி மொழியில் நெருப்புக்கு 'யாக்', அதாவது நம் அக்கினி. தணலுக்கு 'அங்கார்'; செவ்வாய்க்கு அங்காரகன் என்று பெயர் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புகை 'தூவ்', வடமொழித் தூமம். இரும்பு 'சாஸ்தெர்', அது வடமொழிச் சஸ்திரம், அதாவது ஆயுதம். தண்ணீர் 'பானி'.

அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கொல்லர்கள். ஆனால் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்கு 'அமோனி', சம்மட்டிக்கு 'ஸ்விரி', லாடத்துக்கு 'பெத்தலோ' என்கிறார்கள். மூன்றும் கிரேக்கம். நெருப்பையும் இரும்பையும் குறிக்கும் சொற்கள் இங்கிருந்து போயிருக்கின்றன, பட்டறைச் சாமான்களின் சொற்கள் வழியில் சேர்ந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தாலும் அதே கதை: யேக், தூய், த்ரின் என்று ஆறுவரை நம் பக்கத்து எண்கள், ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஒக்தோ, என்யா என்று கிரேக்கம், பத்து மறுபடியும் தேஷ். கிரேக்கம் பேசிய பைசாந்திய நாட்டில் (இன்றைய துருக்கி, கிரீஸ் பக்கம்) நெடுநாள் தங்கியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எகிப்தில் இருந்து கிளம்பியவர்கள் தணலை ஏன் அங்கார் என்கிறார்கள்?

இதில் நம் கரைக்கும் பங்கு உண்டு. கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனால் தரங்கம்பாடி. 1719இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் பெஞ்சமின் ஷூல்ட்சே, பிறகு சென்னைக்குப் போய் அங்கே இந்துஸ்தானி மொழிக்கு (இந்தி, உருது இரண்டுக்கும் பொதுவான பேச்சு) ஓர் இலக்கணம் எழுதினார். அது 1745இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. அதே ஹாலேயில் ரூடிகர் என்ற அறிஞர், பார்பரா மகோவ்ஸ்கி என்ற ரோமா பெண்ணிடம் வாக்கியங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஷூல்ட்சேயின் இலக்கணத்தோடு ஒப்பிட்டார். இந்த மொழி இந்தியாவிலிருந்து வந்தது என்று 1782இல் எழுதினார். சென்னையில் எழுதிய ஒரு புத்தகம் போய் எகிப்துக் கதையை உடைத்திருக்கிறது. 240 வருஷம் கழித்து அதை நீங்கள் மறுபடி அச்சடிக்கிறீர்கள்!

இன்னொன்று. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களையும் நம் ஆட்கள் ஜிப்சி என்கிறார்கள். அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் வட இந்திய மொழிக் குடும்பந்தான், ஆனால் ரோமானி வேறு, அது வேறு.

திருத்தம் போடுவதானால் நிழல் பார்க்கும் முறையையும் சேர்த்துப் போடுங்கள்: வெயில், வெள்ளைச் சுவர், மெழுகுவத்தி, காற்றுக்கு ஒரு முறம், பக்கத்தில் பெரியவர் ஒருவர். அந்த மாணவிக்கு வேறு பதில் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு கொல்லர் மகன்,
கடலூர் முதுநகர்.