அக்காவுக்கு, ஸ்காட்லாந்து டண்டீலேர்ந்து

அக்கா,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது. என்ன, தயிர் மட்டும் உறையவே மாட்டேங்குது, ஸ்வெட்டர்ல சுத்தி வச்சாலும் காலைல பாலாவே நிக்குது. ஹீட்டர் போட்டா மூக்கு காயுது, அதான் போடறதில்ல. கீழ் வீட்டு தாத்தா தினமும் கடல்காக்காவுக்கு ரொட்டியும் போடுவாரு, அதையே நின்னு திட்டவும் செய்வாரு, பேசறது பாதி புரியாது, ஆனா சனி ஞாயிறுல நமக்கு பேச்சுத்துணை அவருதான்.

பெரியம்மா பயாப்ஸி ரிப்போர்ட்ல பி53ன்னு இருக்கே, நீ பண்ற வேலை அதானேன்னு கேட்டிருந்த. அதேதான், செல்லுக்குள்ள இருக்கற ஒரு ப்ரோட்டீன் அது. 1979ல லண்டன்ல இத கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான டேவிட் லேன் பின்னாடி இந்த ஊர் யுனிவர்சிட்டிலதான் ரொம்ப வருஷம் இருந்தாரு. கல்யாண வீட்ல ரசம் வரலன்னா அடுத்த பந்திய உக்கார விடாம பெரியப்பா கைய நீட்டி மறிப்பாருல்ல, அந்த வேலை இதுக்கு. டிஎன்ஏ அடிபட்டிருந்தா பி21ன்னு இன்னொரு ப்ரோட்டீன கிளப்பி விட்டு செல் ரெண்டா பிரியறத நிறுத்திடும், சரியானா மேல போகும், தேறாதுன்னா செல்லயே சாகடிச்சிடும்.

ரிப்போர்ட்ல அது அதிகமா இருக்கு, நல்லதுதானேன்னு மாமா சொன்னாராமே, அப்படி இல்லக்கா. நல்ல செல்லுல எம்டிஎம்2ன்னு ஒண்ணு பி53ய அழிச்சிட்டே இருக்கும், அரை மணி நேரம்கூட தாங்காது. கெட்டுப்போயி இந்த மறிக்கற வேலைய செய்யாத பி53தான் பெரும்பாலும் அழியாம குமிஞ்சு கிடக்கும், சாயம் போட்டா பழுப்பா தெரியும். அதுக்காக பயப்படவும் வேணாம், அந்த ஒரு வரிய வச்சு எதுவும் முடிவாகாது, டாக்டர் மொத்தத்தையும் பாத்துதான் சொல்லுவாரு. நான் பாக்கறது தட்டுல வளர்ற செல்ல, பெரியம்மாவ இல்ல.

நேத்து பஸ்ல அவங்க வத்தக்குழம்பு நெனப்பு வந்து கண்ணு முட்டிடுச்சு, பக்கத்து சீட்டம்மா டிஷ்யூ நீட்டுனாங்க, சளின்னுட்டேன்.

சரி, அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு யாரு போறா? பெரியப்பாவ தனியா அனுப்பாத, காது கேக்காம எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடுவாரு, செந்திலயும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. செல்வி நிச்சயத்த தள்ளி வைக்கறதப் பத்தி அத்தைகிட்ட நீயே பேசு, அம்மா பேசினா சண்டையாயிடும். பணம் இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும், பேங்க் ஆப்புல ஏதோ கோளாறு. அப்புறம் முக்கியமா, வேற டாக்டர்கிட்ட காட்டணும்னா லேப்ல ஸ்லைடு, பிளாக்கு ரெண்டையும் கேட்டு வாங்கிடு. ஸ்லைடுன்னா பயாப்ஸில எடுத்த சதைய சீவி ஒட்டின கண்ணாடி, பிளாக்குன்னா மீதி சதைய பதிச்சு வச்ச மெழுகு, சூட்டுல இளகிடும், மாடி ரூம்ல போட்டுடாத, கீழ பீரோவுல வை.

தம்பி