சனிக்கிழமை: போர்பனும் பீப்பாய் பியரும்

நண்பர்களே, வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அல்சூரில், வழக்கமான மொட்டை மாடியில் கூடுகிறோம்.

முதலில் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, பிறகு போர்பன் பீப்பாயில் ஊறிய ஸ்டவுட் என்ற கரும் பியர். பியரிலிருந்து தொடங்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். இந்த முறை வேண்டாம், காரணம் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி போர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில்தான் அதை ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு உதவாது. அவை ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகளுக்கும் பியர் காய்ச்சுபவர்களிடமும் போகின்றன. மரத்தில் ஊறிய விஸ்கிதான் ஸ்டவுட்டில் வெனிலாவாகவும் கருகிய சர்க்கரையாகவும் மணக்கிறது. போர்பனை முதலில் முகர்ந்தவருக்கே அது சட்டென்று பிடிபடும்.

ஆளுக்கு 20 மில்லிதான். வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள், நெடி ஏறாது. பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். ஸ்டவுட்டை அரை மணி முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுவேன். சில்லென்று இருந்தால் மணம் அடங்கிவிடும்.

காரச்சேவு, மிளகாய் பஜ்ஜி கொண்டுவர வேண்டாம், நாக்கு மரத்துவிடும். உப்பில்லாத வேர்க்கடலை போதும்.

21 வயது நிரம்பியவர்கள் மட்டும் வரவும். வண்டி வேண்டவே வேண்டாம், மெட்ரோவில் வாருங்கள். வியாழன் இரவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.