விண்ணப்பத்தில் கேட்கும் குற்றப் பின்னணி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியையும் முதலிலேயே விசாரிக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த் வட்டாரப் பெற்றோர் சிலர் பேசி வருகிறார்கள். மகளை விடுதியில் விட்டு வருபவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. அந்தக் கேள்வியை எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சென்ற ஆண்டு மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் விண்ணப்பம் நிரப்ப மாலை வேளைகளில் உதவி வந்தேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் படிவத்தில் மதிப்பெண், தந்தையின் வருமானம் எல்லாவற்றையும் மளமளவென்று தட்டிய பையன் ஒருவன், குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா என்ற வரி வந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். பதினைந்து வயதில் கடையொன்றில் காலணி திருடிப் பிடிபட்டவன் அவன். வழக்கு நடத்தாமல் சீர்திருத்த வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே டைவர்ஷன் எனப்படும் இந்த ஏற்பாடு, 2008ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி முன் தண்டனையாகக் கணக்கில் வராது. ஆகவே 'இல்லை' என்று அவன் கூசாமல் குறித்திருக்கலாம். விசாரித்துத் தெரிந்துகொண்டு மறுவாரம் நான் போய்ச் சொன்னபோது கடைசித் தேதி கடந்துவிட்டிருந்தது.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் குறித்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்றும் இதையே காட்டியது. கடுங்குற்றத் தண்டனை உண்டு என்று குறித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விண்ணப்பத்தை முடிக்காமலே விட்டுவிட்டனர். மொத்த விண்ணப்பதாரர்களில் அப்படி விட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. கல்லூரி மறுத்ததைவிட, மேலும் மேலும் கேட்கப்பட்ட ஆவணங்களைக் கண்டு மலைத்துத் தாமே விலகியவர்களே மிகுதி. 2016இல் அப்பல்கலைக்கழகம் கேள்வியைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து நீக்கவும், விடுதி, களப்பயிற்சி போன்றவற்றுக்குச் சேர்க்கைக்குப் பின் கேட்கவும் முடிவு செய்தது. 2017இல் லூசியானா மாநிலம், சேர்க்கைக்கு முன் இதைக் கேட்கக்கூடாது என்று சட்டமே இயற்றியது. பின்தொடர்ந்து துன்புறுத்தல், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு வைத்தது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் அப்ளிகேஷன் படிவமும் 2006இல் சேர்த்த கேள்வியை 2019இல் எடுத்துவிட்டது. கல்லூரிகள் தனித்தனியே கேட்கத் தடையில்லை என்பதால்தான் எங்கள் பையன் அதில் சிக்கினான்.

சிறைக்குப் போனவர் என்றாலே முகம் சுளிக்கும் நாம், 1913இல் மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் அனுபவித்து, விடுதலையான சிறிது காலத்திலேயே 16 வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். சத்தியாக்கிரகத்தையும் கடைத் திருட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் 'ஆம், இல்லை' என்று மட்டும் கேட்கும் படிவம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கும்.

ஆசிரியராகப் பதிவு செய்பவரிடம் நம் நாட்டில் போலீஸ் சான்று கேட்பது முறையே; குழந்தைகளோடு பழகும் பணி அது. அத்தகைய படிப்புகளில் சேர்பவருக்கு இந்த நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், நான்கு ஆண்டு படித்த பிறகு தெரிய வரக்கூடாது. மற்றப் படிப்புகளுக்கு, கேட்டே ஆக வேண்டுமென்றால், இடம் உறுதியான பின் இன்ன குற்றம் என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும். டைவர்ஷனையும் சட்டப்படி அழிக்கப்பட்ட பதிவையும் குறிப்பிடத் தேவையில்லை என்ற வரியை அந்தக் கேள்விக்கு அடியிலேயே அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்