கடல் கேட்டவருக்குக் கொடைக்கானலைக் காட்டாதீர்கள்: டிராவல்ஸ் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

டிராவல்ஸ் நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

2024 ஏப்ரலில் நானும் என் மனைவியும் துபாயில் கப்பலேறி, செங்கடலைக் கடந்து, சூயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலில் போய் இறங்குவதாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு நாங்கள் எங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் அது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் எங்கள் பயணம் ரத்தானது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கட்டிய பணமும் நிதானமாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஏற்பாட்டாளர் போனில் சொன்ன மாற்று யோசனையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "சார், அதுக்குப் பதிலா கொடைக்கானல் மூணு நாள் போயிட்டு வாங்களேன். ஏசி பஸ், சைவச் சாப்பாடு."

தாகம் என்றவனுக்குத் தலையணை கொடுத்த மாதிரி இருந்தது.

கப்பல் பயணத்தில் பைத்தியமாக இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? சீட்டாட்டமும் நீச்சல் குளமும் பிறகுதான். பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும், அதுதான் முதல் சுகம். ராத்திரி ஒரு கரையில் படுத்து, காலையில் இன்னொரு கரையில் கண் விழிக்கலாம். நடுவில் போனில் சிக்னல் கிடையாது. இதெல்லாம் பாஸ்போர்ட் இல்லாமலே நம் நாட்டில் கிடைக்கிறது. உங்கள் கையேட்டில்தான் இல்லை.

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். நாங்கள் 2019 பிப்ரவரியில் போனோம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இது சொகுசுக் கப்பல் இல்லை. தீவுக்காரர்கள் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வந்து போகும் கப்பல். தாம்பாளம் மாதிரி ஒரு தட்டில் சோறு, பருப்பு, ஒரு கூட்டு. கழிவறை பற்றி எழுத வேண்டாம். கேபின் எடுத்தால் சமாளிக்கலாம், ஒரே கூடத்தில் அடுக்குப் படுக்கைகளாக இருக்கும் பங்க் வகுப்பு இளைஞர்களுக்குத்தான் சரிப்படும்.

ஆனால் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு காட்சி. எங்கள் கப்பலை வழிநடத்தி வந்த பைலட் தன் வேலை முடிந்து, கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்றேணியில் இறங்கி, கீழே குதித்துக் குதித்து ஓடிவந்த சின்னப் படகில் தாவி ஏறினார். மேல்தளத்தில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முதல் நாள் பழுப்பும் பச்சையுமாக இருந்த தண்ணீர் மறுநாள் காலையில் எழுதுகிற மை மாதிரி ஆகியிருந்தது. பறக்கும் மீன்கள் சிட்டுக்குருவிக் கூட்டம் போலத் தண்ணீரிலிருந்து எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து மறுபடி விழுந்தன. கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "இது முப்பதாவது தடவை, இன்னும் அலுக்கலைப்பா" என்றார். போர்ட் பிளேயரில் வளர்ந்தவராம். (அந்த ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.) குமட்டலுக்கு மாத்திரை எடுத்துப் போகச் சொல்ல மட்டும் மறக்காதீர்கள், நான் மறந்தேன், பட்டேன்.

மெத்தையும் வசதியும் வேண்டும் என்பவர்களுக்குக் கொச்சியிலிருந்து லட்சத்தீவு. 'சமுத்திரம்' என்றே ஒரு பயணத் திட்டம் இருக்கிறது. 'எம்.வி. கவரத்தி' கப்பலில் ராத்திரி தூங்குவது, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தீவு தீவாக இறங்குவது. உல்லாசக் கப்பலின் இலக்கணம் இதுதானே? பவளத்திட்டு இருப்பதால் பெரிய கப்பல் கரைக்குப் போகாது. ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு மாற வேண்டும். ஊழியர்கள் கையைப் பிடித்து இறக்குவார்கள் என்றாலும், முழங்கால் வலிக்காரர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது உங்கள் பொறுப்பு. அனுமதிச் சீட்டு வாங்க நாளாகும். அந்த அலைச்சலுக்குத்தான் உங்களுக்குக் கமிஷன் கொடுக்கிறோம்.

அப்புறம், நம்மூர் ஆடம்பரக் கப்பல். இதன் கதை வேடிக்கையானது. 'எம்பிரஸ்' 1990இல் பிரான்சில் கட்டிய கப்பல். கொரோனாவில் உலகம் முழுக்க உல்லாசக் கப்பல்கள் நின்றுபோனபோது பழைய முதலாளிகள் அதை விற்றார்கள். 2021 செப்டம்பரில் அதுவே 'கோர்டிலியா' என்ற நிறுவனத்தின் பெயரில் மும்பையிலிருந்து ஓட ஆரம்பித்தது. வெளிநாட்டுப் பயணம் முடங்கிய அதே காரணம்தான் நமக்கு ஒரு கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தது! 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் சென்னையில் கொடியசைத்து அதை அனுப்பி வைத்தார். ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிக்கும்போது நம் பக்கம் வங்கக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம்தான் புயல் பயம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் பரவாயில்லை. இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். "எப்போ போகலாம்?" என்று கேட்பவருக்கு உடனே பதில் சொல்லலாம்.

கங்கா விலாஸ் என்ற ஆற்றுச் சொகுசுக் கப்பல், வாரணாசியிலிருந்து திப்ரூகர் வரை 51 நாள் என்பதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். அதில் போக நினைப்பவர்கள் உங்களிடம் வரமாட்டார்கள்.

கையில் காசே இல்லை, ஆனால் தண்ணீரில் போக வேண்டும் என்பவருக்கு? ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு. இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு ஒரு ஓட்டல் காபி விலைதான் டிக்கெட். வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும்போது, கடல்மட்டத்துக்கும் தாழ்வாகக் கிடக்கும் குட்டநாட்டு வயல்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் படகை விடக் கீழே தெரியும். கோட்டயம் நெருங்க நெருங்க வாய்க்கால் குறுகிவிடும். குறுக்கே இருக்கும் சின்ன நடைபாலங்களைக் கரையில் நிற்பவர் கயிறு பிடித்து இழுத்துத் தூக்குவார், படகு நுழைந்து போகும். எத்தனையோ ஆயிரம் கொடுத்து ஹவுஸ்போட் எடுத்தவர்களுக்கும் இது கிடைக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்கிறேன். 2019 செப்டம்பர் 15 அன்று ஆந்திராவில் கோதாவரியில் வெள்ளம் ஓடும்போது பாப்பிகொண்டலு மலைகளைப் பார்க்கக் கிளம்பிய படகு கச்சுலூரு பக்கம் கவிழ்ந்து பலர் செத்துப் போனார்கள். ஆகவே படகுக்கு உரிமம் உண்டா, எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா என்று பார்க்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். "தண்ணி ஜாஸ்தி, இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தருபவரிடம்தான் நாங்கள் மறுபடி வருவோம்.

சரி, என் சொந்த விஷயம். செங்கடலுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதி இன்னும் வங்கியில் அப்படியே கிடக்கிறது. சமுத்திரம் பயணத்தின் அடுத்த சீசன் தேதி வந்ததும் உங்களில் யாராவது ஒருவர் கூப்பிடுங்கள். இரண்டு பேர். கீழ்ப்படுக்கையாகப் பார்த்துப் போடுங்கள். முழங்கால் வலிக்காரர் என்று மேலே எழுதினேனே, அது என் மனைவிதான்.

இப்படிக்கு,
ரத்தான பயணி ஒருவர், சென்னை