டொமினோவை விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கடல் அலங்கார மீன் விற்கும் அண்ணன்மாருக்கும் நானாமாருக்கும்,

எந்தக் கடை என்று எழுதமாட்டேன். உரியவருக்கு வாசிக்கும்போதே விளங்கும்.

"தொட்டி பழகட்டும், முதல்ல இதுகள விடுங்க சேர்" என்று மூன்று டொமினோ மீன்குஞ்சுகளைத் தந்தீர்கள். கறுப்பு உடம்பு, நெற்றியில் ஒன்று, விலாவுக்கு ஒன்றாக வெள்ளைப் பொட்டு. ஆறு கிழமை கழித்து, மகள் ஆசைப்பட்ட கிளவுன் மீன் சோடியையும் நீங்களே பையில் கட்டித் தந்தீர்கள். சண்டை பிடிக்காதா என்று கேட்டேன். "ஒண்டும் செய்யாது சேர், கடல்லயும் ஒண்டாத்தானே இருக்கு."

கடலில் ஒன்றாக இருப்பது உண்மைதான். கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிருக்குள் டொமினோக் குஞ்சும் ஒதுங்கும், கிளவுனும் ஒதுங்கும். ஆனால் துரத்தப்பட்டது ஓட அங்கே இடமிருக்கிறது. என் தொட்டி மூன்றடி. ஆறு கிழமை தனியாட்சி நடத்திய டொமினோக்களுக்கு அது உறுதி முடித்த காணி. பிறகு வருகிறவன் அத்துமீறிக் குடியேறியவன்தானே!

சின்னக் கிளவுன் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால், மேல்மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. வால் நார்நாராய்க் கிழிந்திருந்தது. இரை போட்டால் அரைச்சாண் வெளியே வரும். டொமினோ பாய்ந்து வரும். இரையை விட்டுவிட்டு மறுபடி மூலைக்குள் போகும். மகள் என் சவரக் கண்ணாடியை எடுத்து மற்றப் பக்கத்தில் பிடித்தாள். டொமினோ தன் உருவத்தையே கொத்திக்கொண்டிருக்க, அந்த இடைவெளியில் நான் இரை போட்டேன். ரியூசனுக்குப் போகுமுன் ஒரு தரம், வந்து ஒரு தரம். கை உளைந்தால் மற்றக் கைக்கு மாற்றுவாள். நாலாம் நாள் காலை சின்னது குழாய் வாயில் ஒட்டிக் கிடந்தது. புள்ள கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றாள்.

வந்து சொன்னேன். "மீனெண்டா அப்பிடித்தான் சேர். இன்னொரு சோடி தரட்டா?"

தயவுசெய்து, விற்கும் முன் சொல்லுங்கள். இந்த மீன் என்ன அளவுக்கு வளரும், எதோடு சேராது, முதலில் விடுவதா கடைசியில் விடுவதா. சாதுவானதை முதலில் விட்டு, முரடனைக் கடைசியாக விட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தொட்டி பழக, அதாவது மீன்கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருக, உயிர்மீனே தேவையில்லை, ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விட்டாலே போதும் என்பதும் தெரியாததா? வாவி இறாலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லையே.

சந்தைக்குப் போனால், இது பொரிக்க, இது சொதிக்கு, இதில் முள் அதிகம், பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று கேட்காமலே சொல்கிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் சட்டிக்குள் போகிற மீனுக்கு அவ்வளவு விளக்கம்! வருடக்கணக்காக உயிரோடு வைத்திருக்கப் போகிற மீனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. 'மீன்பாடும் தேன்நாடு' என்று ஊருக்குப் பெயர் வைக்கத் தெரிந்த நமக்கு, தொட்டிக் கண்ணாடியில் இரண்டு வரி எழுதி ஒட்டத் தெரியாதா?

கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: விற்கும் முன் சொல்லுங்கள். தொட்டி எத்தனை அடி, உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்க வருகிறவரிடம் கேளுங்கள். ஒத்துவராது என்றால் அன்றைக்கு விற்காதீர்கள். நாங்கள் திரும்பி வருவோம்.

மிஞ்சிய பெரிய கிளவுனுக்காக முருகைக்கல் முழுவதையும் வெளியே எடுத்து, வேறு விதமாக அடுக்கினோம். அடிக்கிற டொமினோவை ஓட்டைக் கூடைக்குள் போட்டு அதே தொட்டியில் ஒரு கிழமை மிதக்கவிட்டோம். இப்போது கிளவுன் நடுத்தொட்டிக்கு வந்து சாப்பிடுகிறது. ஆனால் டொமினோ ஐந்து அங்குலம் வரை வளருமாம், வளர வளரக் குணமும் கூடுமாம். அதையும் நீங்கள் சொல்லவில்லை.

ஆகவே வருகிற சனிக்கிழமை மூன்றையும் வாளியில் கொண்டுவருகிறேன். காசு வேண்டாம். வாங்கிக்கொள்ளுங்கள். கிளவுன் இருக்கிற தொட்டிக்குள் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு தகப்பன்