பொருள் சொல்வதற்கு முன்

பாளையங்கோட்டை

அன்பு மகள் மீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வாஷிங்டனிலிருந்து நீ அனுப்பிய, ஷேக்ஸ்பியரை வகுப்பில் கற்பிப்பது பற்றிய புத்தகமும், ஆசிரியர்களுக்கான கோடைப் பயிலரங்கில் நீ எழுதிவந்த குறிப்பேட்டின் நகலும் போன வாரம் வந்து சேர்ந்தன. இரண்டையும் முழுதாகப் படித்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். தொலைபேசியில் பேசினால் சாப்பாடு, உடம்பு, பேரனின் படிப்பு என்றே நேரம் போய்விடுகிறது. இதுவோ, 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஒருத்தி, மேரிலாந்தில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதே ஆங்கிலத்தைக் கற்பிக்கும் மகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோடைப் பயிற்சி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மே மாத வெயில், ஏதாவது ஒரு பள்ளியின் கூடம், காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பதினொரு மணிக்குத் தேநீர். கருத்தாளர் புதிய பாடநூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா வரும் என்று சொல்வார், நாங்கள் குறித்துக்கொள்வோம். "இந்தக் கவிதையை நீங்கள் ஒருமுறை உரக்கப் படியுங்கள், கேட்போம்" என்று ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் எழுந்து நின்றிருப்போம் என்பதும் எனக்குத் தெரியாது. அதனால்தான், கேபிடல் ஹில்லில் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் நடந்த பயிலரங்கின் முதல் வாரத்திலேயே உன்னை மேடையேற்றினார்கள் என்றும், பத்து ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்த வரிகள் அங்கே நாக்கில் வராமல் நீ திணறினாய் என்றும் படித்தபோது, எனக்குப் பொறாமைகூட வந்தது. ஆசிரியரை மறுபடியும் மாணவராக உட்காரவைக்கும் ஓர் இடம் உனக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த நூலகத்தைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். எண்ணெய் நிறுவனமொன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றி ஃபோல்ஜரும் அவர் மனைவி எமிலியும் வாழ்நாள் முழுவதும் சேர்த்த புத்தகங்களுக்காக எழுப்பிய கட்டடம் அது. 1930-இல் ஹென்றி இறந்துவிட்டார். எமிலி இருந்து பார்த்து முடித்தார். 1932 ஏப்ரல் 23 அன்று, ஷேக்ஸ்பியர் மறைந்த அதே தேதியில், நூலகம் திறக்கப்பட்டது. எமிலி திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆராய்ச்சியாளர்களுக்கென்று கட்டிய அந்த வாசிப்புக் கூடத்துக்குள் 1984 முதல் கோடைக் காலங்களில் பள்ளி ஆசிரியர்களையும் அழைத்துவந்தவர் பெக்கி ஓ'பிரையன். நீ அனுப்பிய புத்தகத்தின் பொதுப்பதிப்பாசிரியரும் அவர்தான். இலக்கியம், வரலாறு, தத்துவம் முதலிய துறைகளுக்காக 1965-இல் அமெரிக்க அரசு ஏற்படுத்திய தேசிய நிதியம் இந்தப் பயிலரங்குகளுக்குப் பணம் தந்திருக்கிறது. பல்கலைக்கழக அறிஞர், மேடை நடிகர், அனுபவம் முதிர்ந்த பள்ளி ஆசிரியர் ஆகிய மூவரும் ஒரே கூடத்தில் வந்து கற்பிக்கும் இந்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பான 1623-ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோவைப் பார்த்துவிட்டு நீ எழுதிய அரைப் பக்கத்தை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். 82 பிரதிகள் அந்த ஒரே நூலகத்தில் இருக்கின்றன என்றதும், "ஒரே புத்தகத்துக்கு எதற்கம்மா இத்தனை?" என்று அவர் கேட்டார். அச்சுக்கூடத்திலேயே திருத்தித் திருத்தி அடித்ததால் ஒரு பிரதியைப் போல் இன்னொன்று இருக்காது என்று, உன் குறிப்பைப் பார்த்துத்தான், பதில் சொன்னேன். அதில் உள்ள 36 நாடகங்களில் ஏறக்குறைய பாதி அதற்கு முன் அச்சேறாதவை. அந்தத் தொகுப்பு வராமல் போயிருந்தால் மெக்பெத் இன்று நம் கையில் இருந்திருக்காது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், கூட நடித்த ஹெமிங்ஸும் காண்டெலும் அவற்றைத் தொகுத்து, "ஆகவே அவரைப் படியுங்கள், மறுபடியும், மறுபடியும்" என்று முன்னுரையில் வாசகரைக் கேட்டுக்கொள்கிறார்கள். படியுங்கள் என்றுதான் அவர்கள் சொன்னார்கள், மீனா. நானோ படிக்கவிடாமல் பொருள் சொல்லிக்கொண்டே 31 ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

உன் குறிப்பேட்டில் மெக்பெத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியைப் பற்றி நீ எழுதியிருக்கும் பக்கத்துக்கு அடையாளம் வைத்திருக்கிறேன். மன்னனைக் கொன்றுவிட்டு மெக்பெத் இறங்கி வருகிறான், அவன் மனைவி காத்திருக்கிறாள். "நீங்கள் பேசவில்லையா?" "எப்போது?" "இப்போது." "நான் இறங்கி வரும்போதா?" "ஆம்." இந்தச் சின்னஞ்சிறு வார்த்தைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து உங்களிடம் கொடுத்து, எந்த விளக்கமும் இல்லாமல் நின்றபடி பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதல்முறை சாதாரண உரையாடலாக இருந்தது, மூன்றாம் முறை இருவருக்குமே மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறாய். அதைவிட முக்கியமானது அடுத்து வருவது. கொலைக் கத்திகளை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று அவள் கேட்கும் வரி வந்தபோதுதான், மெக்பெத்தாக நின்றவர் தம் வெறுங்கைகளைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இவ்வளவு நேரமும் கத்திகள் என் கையில்தான் இருந்திருக்கின்றனவா?" என்று கேட்டாராமே! ஃபோலியோவில் அந்த இடத்தில் 'மெக்பெத் வருகிறான்' என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. கத்தி கையில் இருப்பதை உட்கார்ந்து படிக்கும் கண் தாண்டிப் போய்விடும். எழுந்து நின்று பேசுகிறவருக்கு, கையை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தே தீரும். அவள் அதை ஏன் இத்தனை நேரம் கவனிக்கவில்லை என்பது அடுத்த கேள்வி. அதை மாணவர்களே கேட்டுவிட்டால் நீ பேச வேண்டியது மிகவும் குறைவு.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஜேக்கஸ் பேசும் 'உலகமே ஒரு நாடக மேடை' என்ற பகுதியை நான் எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்! மனித வாழ்வின் ஏழு பருவங்களையும் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள் எழுதி, நயம் பாராட்டும் பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வைப்பேன். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்? சொல்லி முடித்ததும் என்ன நடக்கிறது?" என்று கேட்டாள். அது தேர்வுக்கு வராது என்று சொல்லி உட்காரவைத்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. நான் முழு நாடகத்தையும் படித்ததே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. முதுமை என்றால் பல் இல்லை, கண் இல்லை, சுவை இல்லை, ஒன்றுமே இல்லை என்று ஜேக்கஸ் முடிக்கிறான். முடித்த அந்தக் கணத்தில் ஆர்லாண்டோ, பசியால் சோர்ந்த கிழவன் ஆடமைச் சுமந்துகொண்டு மேடைக்கு வருகிறான். தன் சேமிப்பையெல்லாம் இளைய எஜமானனுக்குக் கொடுத்துவிட்டு அவனோடு காட்டுக்கு வந்த கிழவன் அவன். ஒன்றுமில்லாத முதுமை என்று ஒருவன் சொல்லி வாய் மூடுவதற்குள், எல்லாவற்றையும் கொடுத்த முதுமை கண்ணெதிரே வந்து நிற்கிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. அவள் இன்று எங்கே இருக்கிறாளோ, அவளிடம் இதைச் சொல்ல வழியில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

பக்கத்து வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் கம்பனை நடத்தும் விதம் தடுப்புச் சுவரைத் தாண்டிக் கேட்கும். முதலில் பாட்டை ராகத்தோடு பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள், அப்புறம்தான் பதம் பிரிப்பார். அவருக்கு நேரம் அதிகம் கிடைக்கிறது, அதனால் பாடுகிறார் என்று அப்போது நினைத்தேன். பயிலரங்கில் உங்களுக்கு நான்கு வாரம் கற்பித்ததும் ஏறக்குறைய அதைத்தான். ஷேக்ஸ்பியர் நம்மூருக்கு வந்த வழியும் பாடநூல் மட்டுமல்ல. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மெக்பெத்தை மகபதியாகவும் தமிழில் மேடையேற்றினார். அவர் வழக்கறிஞர், படித்து வேலை பார்த்தவர்கள் பலர் அவரோடு வேடம் கட்டினார்கள். வசனத்தைத் தங்கள் வாயால் பேசிப் பார்த்தவர்கள் அவர்கள். எங்கள் காலத்து ஆங்கில வகுப்பில் அந்தப் பழக்கம் எங்கே அறுந்துபோனது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

குறிப்பேட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை. வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து சொல்லவைக்கும் பயிற்சி முதல் நாள் கூச்சத்தைப் போக்க நல்லது; அதையே வாரக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் பிள்ளைகள் பந்தைத்தான் நினைவில் வைப்பார்கள். முழு நாடகத்தை இருபது நிமிடத்தில் நடித்துக் காட்டுவதும் அப்படித்தான்: அது வாசல், வீடு வேறு. காட்சியைப் பாதியாக வெட்டச் சொல்லும் பயிற்சியைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபமே வந்தது. பிறகு யோசித்தேன். எந்த வரி போனால் கதை நிற்கும், எது போனால் விழும் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் கூடிச் சண்டை போட வேண்டுமென்றால், எல்லா வரியையும் அவர்கள் படித்தாக வேண்டும். இதை மட்டும் நீ தவறாமல் செய்.

எளிய இன்றைய ஆங்கிலத்தில் எதிர்ப்பக்கம் போட்டு விற்கும் புத்தகங்களை வகுப்பில் நுழையவிடாதே. அவை நம்மூர் நோட்ஸ்களின் உடன்பிறப்புகள். நான் அவற்றை நம்பி ஏமாந்தவள். கடினமான விஷயங்களையும் மறைக்காதே. கறுப்பினப் படைத்தலைவன் ஒதெல்லோவைப் பற்றிய நாடகத்தின் முதல் காட்சியை உரக்கப் படிக்கும்போது, அவனைப் பற்றியே பேசுகிறவர்கள் ஒருவர்கூட அவன் பெயரைச் சொல்வதில்லை என்பதை உன் பயிலரங்குத் தோழி கண்டுபிடித்ததாக எழுதியிருந்தாய். உன் வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். அந்த மௌனம் அவர்கள் காதில் விழும்போது நீ அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாமல், அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திரு. வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது அந்தப் பிள்ளையும் படிக்கும், நீ தனியாக எழுப்ப வேண்டாம்.

பள்ளி திறந்ததும் பாடத்திட்டம், தேர்வு அட்டவணை என்று நெருக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தனையையும் மாற்ற முயன்று இரண்டாம் மாதம் சோர்ந்துபோகாதே. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள். கரும்பலகையில் ஒரு சொல்கூட எழுதாமல் தொடங்கு. எந்தக் காட்சி, முதல் நாள் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எனக்கு எழுது. மெக்பெத்தாக இருந்தால் கத்தியைக் கவனித்தது எந்தப் பிள்ளை என்பதையும் எழுது. நான் இங்கே மாடி அறையில் பழைய பாடநூலை எடுத்துவைத்து, எதிர்வீட்டுப் பெண்ணோடு ஜேக்கஸின் பேச்சை வாரம் இரண்டு மாலை வாசித்து வருகிறேன். நேற்றுத்தான் ஆடம் வந்தான்.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா